பெரியப்பா இடது பக்கம்

அன்று முன்னால் போவது என் முறை. மலையுச்சியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு மூன்று பேரும் பிளாஸ்க் டீயைக் குடித்துக்கொண்டிருந்தோம். பனிமூட்டம் இறங்கி, தொட்டியில் பாதியைக் காணோம். நாங்கள் ஏறி வந்த பாதையும் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டுவிட்டது. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் எங்கெங்கோ கேட்டது, அடுத்த அறையில் யாரோ பாத்திரம் கழுவுவதுபோல. டிரைவர் அண்ணா டம்ளரை ஊதியபடி, "மேகத்துக்குள்ள சர்வீஸ் விடப்போறோம். எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார்.

அண்ணா நாங்கள் பிழைக்க வந்த இந்த ஊரில் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார், பஸ்தான் அவரை விட்டு இறங்கவில்லை. பல் டாக்டர் எங்களில் இளையவள், அதாவது ஐம்பத்தெட்டு. வாரத்தில் பாதி நாள் கிளினிக், மீதி நாள் எங்களோடு வம்பு. நான் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துகிறேன். அதனால் எனக்குக் கண்ணாடியம்மா என்று பெயர். முட்டிவலிக்குச் சைக்கிள் மிதிக்கச் சொன்னார் அண்ணாவின் டாக்டர். அவர் சொன்னது பூங்காவில் மிதிக்க. அண்ணா பட்டை பட்டையாக டயர் வைத்த பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு மலைக்குப் போனார், போன கையோடு எங்களையும் இழுத்துவிட்டார். "கோயில் குளம்னு போற வயசுல காட்டுக்குள்ள என்ன சைக்கிள்?" என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பார். கேட்டுக்கொண்டே என் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிக் காற்றுப் பார்ப்பார்.

தொட்டியிலிருந்து கீழே இறங்கும் ஒற்றையடிப் பாதைக்காகத்தான் இந்தப் பாடெல்லாம். மூச்சு வாங்க ஒரு மணி நேரம் ஏறுவது, பத்து நிமிடம் இறங்குவதற்கு. சொந்த பந்தம் எல்லாம் கடல் தாண்டி இருக்கிறார்கள் என்பதால், அந்தப் பாதையில் இருக்கிற கல்லுக்கும் வேருக்கும் நாங்களே உறவுமுறை வைத்துவிட்டோம். குறுக்கே ஓடும் பெரிய வேர் மாமியார். காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது, கொஞ்சம் ஈரம் பட்டால் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. அகலமாகக் கைநீட்டி வரவேற்றுவிட்டு முடிவில் இறுக்கிப் பிடிக்கும் வளைவு சம்பந்தி. விட்ட இடத்தில் இருக்காத மூன்று உருட்டுக் கற்கள் கொழுந்தனார்கள். உரசினால் கீறாமல் விடாத முட்புதர் நாத்தனார். பாதைக்குள் தொப்பையைத் தள்ளிக்கொண்டு நிற்கும் மரம் பெரியப்பா. அவரை நகரச் சொல்ல முடியுமா, நாம்தான் ஒதுங்கிப் போக வேண்டும். எல்லாம் கடந்து கீழே வந்தால் புல்வெளிக்குள் மெல்லச் சரிந்து போகும் ஒரு நீளத் தடம். அங்கே பிரேக்கே வேண்டாம். அதற்கு அம்மா வீடு என்று பெயர்.

முன்னால் போகிறவர் உறவு வருவதற்கு முன்பே பெயரைச் சொல்லிக் கூவ வேண்டும். பின்னால் வருகிறவர்கள் கேட்டதற்கு அடையாளமாக "வணக்கம்!" என்று கத்த வேண்டும். எங்கள் பாஷை தெரியாத யாராவது எதிரே நடந்து வந்தால், மூன்று கிழங்கள் மரத்துக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு பாய்ந்து வருவதைப் பார்த்து மிரண்டு ஒதுங்கி நிற்பார்கள். விளையாட்டாக ஆரம்பித்ததுதான். ஆனால் வழியில் கண் வைப்பதைவிட முன்னால் கேட்கும் குரலில் காது வைத்துத்தான் நாங்கள் இறங்கினோம்.

போன மாதக் காற்றில் பெரியப்பா சாய்ந்துவிட்டார். காட்டைப் பராமரிக்கும் ஆட்கள் வந்து அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள். போன வாரம் அந்த அடிமரத்தின்மேல் உட்கார்ந்துதான் டீ குடித்தோம். அண்ணா ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இனிமே யாரும் ஒதுங்க வேண்டாம்" என்று டாக்டர் சிரித்தபடிதான் சொன்னாள், ஆனால் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். இதை இங்கே சொல்லக் காரணம், மரம் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் கடையின் பின்னறையில் பக்கப்பார்வை பார்க்கும் கருவி ஒன்று இருக்கிறது. வெள்ளைக் கிண்ணம் போல இருக்கும். முகவாயை வைத்து நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் சின்னச் சின்ன வெளிச்சம் வந்து போகும், தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். "தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க. தெரியுற மாதிரி இருந்தா அமுக்காதீங்க" என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நடுநடுவே வெளிச்சம் காட்டாமல் வெறும் சத்தம் மட்டும் போட்டுப் பார்க்கும். ஆசையில் அமுக்குகிறவர்களை அதுவே பிடித்துவிடும். மழைக்காலத்துக்கு முன்பு என் முறை வந்தது. நானும் ஆசையில் அமுக்கினேன். பிடித்துவிட்டது. கண்ணில் பிரஷர், இடது பக்கம் நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது, போனது போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் கண் டாக்டர். சைக்கிளைப் பற்றிக் கேட்டேன். "நீங்களே யோசிச்சுக்குங்க" என்ற அர்த்தத்தில் தோளைக் குலுக்கினார்.

பார்வை போன இடம் இருட்டாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இருட்டெல்லாம் இல்லை. காணாமல் போன இடத்தை மனசு தன்பாட்டுக்கு நிரப்பிக்கொள்ளும். சுவருக்குப் பக்கத்தில் சுவரைப் போடும், காட்டுக்குப் பக்கத்தில் காட்டைப் போடும். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருக்கும். விழித்துக்கொண்டே பாதிக் கனவு காண்கிற மாதிரி. மருந்தைக் கண்வறட்சிக்கு என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்தேன். இவர்கள் இருவரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான் என் பயமே. "பாவம்" என்பார்கள். கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள். கீழே அம்மா வீட்டில் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, பிளாஸ்க்கோடு காத்திருங்கள் என்பார்கள். அந்தப் பத்து நிமிடம் இல்லாமல் வாரம் முழுக்க லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. முடியாதென்றால் முடியாது.

"போலாமா கண்ணாடியம்மா?" என்றார் அண்ணா. சீட்டை இறக்கிக்கொண்டு பெடலில் எழுந்து நின்றேன்.

பனிக்குள் இறங்குவது இறங்குவது மாதிரியே இல்லை. நாங்கள் நின்ற இடத்திலேயே நிற்க, மலைதான் காலுக்கடியில் மேலே ஏறிப் போவதுபோல இருந்தது. ஈர மண்ணில் டயர் ஓடும் சத்தம் வெகுதூரத்திலிருந்து வந்தது. மரங்கள் ஒவ்வொன்றாகப் பால் போன்ற வெள்ளையிலிருந்து வெளியே வந்து, என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போயின. "மாமியார்!" என்றேன். "வணக்கம்!" என்று ஒரு குரல், கொஞ்சம் தள்ளி இன்னொரு குரல். முன்சக்கரம் வேரில் ஏறி வழுக்காமல் இறங்கியது. அன்று எல்லோருக்குமே பாதிதான் தெரிகிறது என்ற நினைப்பில் எனக்கு ஒரு சந்தோஷம். பல மாதங்களுக்குப் பிறகு மற்றவர்களோடு சரிசமமாக இருந்தேன். சைக்கிளை வேகமாக விட்டேன். இடது பக்கம் வெள்ளை திரண்டு, கறுத்து, தொப்பையோடு ஒரு மரம் பாதைக்குள் நின்றது. பட்டையின் வெடிப்பு வரைக்கும் பார்த்தேன்.

"பெரியப்பா! இடது பக்கம்!" என்று கூவிக்கொண்டே வலப்புறம் ஒதுங்கினேன்.

"வணக்கம்!" என்றது அண்ணாவின் குரல். அடுத்து ஒரு முறியும் சத்தம், அதற்கப்புறம் சக்கரம் காற்றில் சுற்றும் சத்தம்.

இறங்கி மேலே ஓடினேன். பாதையின் வலது ஓரத்தில், நாத்தனார் புதருக்குள், அண்ணா இடுப்பு வரைக்கும் கிடந்தார். சைக்கிள் அவர்மேல் கிடந்தது. நான் சொன்னதை நம்பி, போன மாதம் வரை ஒதுங்கின பழக்கத்தில், காலியாக இருக்கும் இடத்தை விட்டுவிட்டு முள்ளுக்குள் போயிருக்கிறார். இடது பக்கம் அடிமரம் வெறுமனே கிடந்தது. அதன்மேல் அணில் கொறித்துப் போட்ட ஒரு காய்.

"அண்ணா!"

"இருக்கேன், இருக்கேன். நாத்தனார் வீட்டுல இருக்கேன். விடமாட்டேங்குறா."

டாக்டர் வந்து சைக்கிளைத் தூக்கினாள். இருவரும் சேர்ந்து அவரை வெளியே இழுத்து அடிமரத்தில் உட்கார வைத்தோம். முட்டியில் பேண்ட் கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. வலிக்கிற முட்டியேதான். டாக்டர் தன் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கட்டிவிட்டு, அவர் சட்டைக் கையிலிருந்து முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள், பல் பிடுங்குகிற அதே பொறுமையோடு.

"ஏம்மா, பெரியப்பாவைத்தான் வழியனுப்பிட்டோமே. மறுபடி எதுக்குக் கூப்பிட்டே?" என்று கேட்டார் அண்ணா. சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

பழக்கதோஷம் என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்போம், அடுத்த வாரமும் வந்திருப்போம். அந்தத் துணியில் சிவப்பு ஊறிப் பெரிதாவதைப் பார்த்தேன். அது என் வலது பக்கத்தில் இருந்தது. தெளிவாகத் தெரிந்தது.

"நின்னுச்சுண்ணா" என்றேன். "மரம் நின்னுச்சு. நான் பாத்தேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கிண்ணம், பொத்தான், சொட்டு மருந்து, எல்லாவற்றையும். சொல்லி முடித்துவிட்டு அந்த "பாவம்" வருவதற்காகத் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன்.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்றாள் டாக்டர். கையில் பிடுங்கின முள்ளோடு எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணா கழுத்து உடைஞ்சிருந்தா? உங்க கழுத்து உடைஞ்சிருந்தா? கண்ணாடிக் கடையில வேலை பாக்குறீங்க, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா?" முள்ளைத் தூக்கி எறிந்தாள். "போன மாசம் எங்க வீட்டுல டீ நீட்டினேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. உங்க பாட்டுக்குப் பேசிட்டே இருந்தீங்க. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்னு எத்தனை நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன் தெரியுமாக்கா?"

"எந்தப் பக்கம் நின்னே?"

அவள் யோசித்தாள். "இடது பக்கம்" என்றாள்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணால் அல்ல, வேறு காரணத்தால். இந்த வயதில் ஒருத்தியிடம் திட்டு வாங்கி எனக்கு இவ்வளவு நிம்மதி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"பஸ்ஸுக்கும் பக்கத்துல தெரியாத இடம் ஒண்ணு உண்டு" என்றார் அண்ணா முட்டியைத் தடவிக்கொண்டே. "அதுக்காக வண்டியை ஷெட்டுல போட்டுடுவாங்களா?"

"பஸ்ஸும் கண்ணும் ஒண்ணாண்ணா? நீங்க சும்மா இருங்க. எல்லாரும் தள்ளிக்கிட்டே இறங்கலாம்."

"என் முட்டிக்கு நடக்க முடியாதும்மா. உக்காந்து உருட்டினாத்தான் நான் வீடு போய்ச் சேருவேன்." எழுந்து சைக்கிளை நிமிர்த்தி, முன்சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, திரும்பிப்போன ஹேண்டில் பாரை நேராக்கினார். "நான் முன்னால மெதுவாப் போறேன். நீங்க ரெண்டு பேரும் உருட்டுறதா தள்ளுறதான்னு முடிவு பண்ணிக்கிட்டு வாங்க." பனி அவரை மூன்றே மிதியில் விழுங்கிவிட்டது.

டாக்டர் என்னைப் பார்க்காமல் பேசினாள். "வீட்டுல சொல்லணும். இன்னைக்கே. அத்தான் முன்னாடி நானும் உக்காந்திருப்பேன்."

"சரி."

"அடுத்த வாரத்தைப் பத்தி இப்பப் பேசக்கூடாது."

"சரிம்மா."

"நடுவுல போங்க. தெரியலைன்னா தெரியலைன்னு கத்தணும். தெரிஞ்ச மாதிரி நடிச்சீங்க, அவ்வளவுதான்."

சைக்கிளில் ஏறினேன். கீழே வெள்ளைக்குள்ளிருந்து குரல் வந்தது: "சம்பந்தி!" வளைவு அகலமாக விரிந்தது, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது, நானாகப் போட்டுக்கொண்ட காடா நிஜக் காடா என்று சொல்ல முடியவில்லை. வணக்கம் என்று வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

"தெரியல!" என்று கத்தினேன். அந்த வார்த்தையை இவ்வளவு சத்தமாக நான் எங்கும் சொன்னதில்லை.

"வலது பக்கம் இன்னும் இடம் இருக்கு, வாங்க, வாங்க, இப்பத் திருப்புங்க" என்றாள் பின்னால் டாக்டர். திருப்பினேன். வளைவு என்னைப் பிடித்து இறுக்கி, விட்டது. "கொழுந்தனார்!" என்றது முன்குரல். "தெரியல!" என்றேன். "ரெண்டு பேர்தான் இருக்காங்க, ஒருத்தனைக் காணோம், நடுவுல விடுங்க" என்றது பின்குரல். விட்டேன். கல் ஒன்று டயரில் பட்டுத் தெறித்தது. பாதை மெல்ல மெல்லச் சாய்வு குறைந்து, சக்கரத்துக்கடியில் மண்ணின் சத்தம் போய்ப் புல்லின் சத்தம் வந்தது.

முன்னால் அண்ணா எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. பின்னால் அவளும் பேச்சை நிறுத்திவிட்டாள். சுற்றிலும் வெள்ளை, இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே வெள்ளை. பிறகு வெகு கீழே, யாரோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிடுவதுபோல, அவர் குரல் கேட்டது.

"அம்மா வீடு!"

பிரேக்கிலிருந்து விரலை ஒவ்வொன்றாக எடுத்தேன்.