தற்காலிகமாக ஒரு வளம்

முன்னோர் பண்டிகையான ஓபோனின் முதல் நாள் சாயங்காலம் வாசலில் பைன் சுள்ளிகளை அடுக்கித் தீ மூட்டினார் கிஹேய். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் செத்துப்போனவர்கள் வீடு வந்து சேர்வார்கள். அப்பா வரட்டும், அம்மா வரட்டும். தம்பி எய்ஸாகு மட்டும் வராமல் இருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"ஏங்க, முகம் இப்படி வாடிக் கிடக்கு?" என்றாள் மனைவி ஃபுமியே.

"புகைடி."

"புகைக்குக் கண்ணுதான் எரியும். அடுத்த வாரம் ஓட்டெடுப்பு, அதான?"

மேட்டுக்கு அப்பால் இருந்தது மறுசெயலாக்க ஆலை. அணு உலைகளில் எரிந்து தீர்ந்த எரிபொருளைக் கரைத்து மறுபடி எரிபொருளாக்குவது அரசாங்கத்தின் கொள்கை. ஆலை அடுத்த வருஷம் ஓடும், அடுத்த வருஷம் ஓடும் என்று கேட்டுக் கேட்டே கிராம மன்ற உறுப்பினர் கிஹேயின் தலை நரைத்துவிட்டது. எரிந்து தீர்ந்த எரிபொருள் மட்டும் தவறாமல் வந்து, 'தற்காலிகமாக' என்ற பேரில், ஆலையின் குளிரூட்டும் குளத்தில் குவிந்தது. அதைக் குப்பை என்று யாரும் சொல்லக் கூடாது, வளம் என்றுதான் சொல்ல வேண்டும். குப்பை என்றால் ஊர் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுமே!

பல வருஷத்துக்கு முன், அதை இறக்க ஊரிடம் சம்மதம் கேட்ட முதல் கூட்டத்திலேயே எய்ஸாகு எழுந்து நின்றான். "அண்ணே, தற்காலிகம்னா எப்ப வரைக்கும்?"

"உனக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும்டா!" என்றார் கிஹேய். மண்டபமே சிரித்தது. எய்ஸாகு போன குளிர்காலத்தில் ஒண்டிக்கட்டையாகவே போய்ச் சேர்ந்தான்.

தீ சடசடத்தது. புகைக்கு அந்தப் பக்கம் யாரோ நின்று பதிலுக்குக் காத்திருப்பது போலிருந்தது. கிஹேய் பயந்துதான் போனார்.

அடுத்த வாரம் மன்றம் சரிபாதியாகப் பிரிந்து நின்றது. எரிபொருளை ஊரில் வைத்திருக்க மன்றம் கொடுத்த கெடு முடியப்போகிறது; அதை நீட்டிப்பது கிஹேயின் ஒரு ஓட்டில் இருந்தது. அவருடைய மருமகனுக்கு அந்த ஆலையில்தான் வேலை. ஊரில் பாதிப் பேருக்கும் அதுதான் சோறு.

"ஐயா, எப்ப வரைக்கும்?" என்று மன்றத்துக்கு வந்திருந்த அமைச்சகத்து அதிகாரியைக் கேட்டார்.

"ஆலை ஓட ஆரம்பிக்கிற வரைக்கும்."

"ஆலை எப்ப ஓடும்?"

"அது… இப்போதைக்குச் சொல்ல முடியாதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் கை தூக்கச் சொன்னபோது கிஹேயின் கை மடியிலேயே கிடந்தது. தீர்மானம் தோற்றது.

அதிகாரி அருகே வந்தார். "இத்தனை வருஷம் கூடவே இருந்துட்டு, இப்ப இப்படிப் பண்ணிட்டீங்களே! உங்க மருமகனை நெனைச்சுப் பாத்தீங்களா?"

"அவன் இனிமே என் வாசப்படி ஏற மாட்டான், தெரியும்." கிஹேய் எழுந்து நின்றார். "ஆனா ஐயா, வளம்னு பேர் வச்சுட்டா விஷம் விஷமில்லாம போயிடாது. எடுத்துட்டுப் போற நாளைச் சொல்லத் தெரியாதவன் கொண்டுவர்ற எதுக்கும் ஊர் தலையாட்டக் கூடாது. சரின்னு சொல்லிட்டு நாம செத்துப்போயிடுவோம். அதுக்குக் காவல் இருக்கப்போறது இன்னும் பொறக்காத புள்ளைங்க. அதுங்களை ஒருத்தரும் கேக்கலையே!"