வலி போன பிறகு

"இப்ப சொல்லுங்க சார், நோவு உண்டா?"

"இல்லை. ஆனா நாளைக்கு வரலாமோன்னு…"

"நாளைக்கு மழையும் வரலாம். அதுக்காக இப்பமே குடையை விரிச்சுப் பிடிச்சிட்டு நிப்பீங்களா? அந்தப் பெட்டியை இன்னொரு தடவை தூக்குங்க. மூச்சைப் பிடிக்காதீங்க. பேடிக்கவும் வேண்டாம், பயப்பட ஒண்ணும் இல்ல."

ஹரிநாராயணன் முழங்காலை மடக்கிக் குனிந்தான். மணல் பைகள் அடுக்கிய பிளாஸ்டிக் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எழுந்தான். முதுகுக்குள் எதுவும் கத்தவில்லை. ஓராண்டாக ஒவ்வோர் அசைவுக்கும் முன்னால் அந்தக் கத்தலுக்காக அவன் காத்திருந்திருக்கிறான். இப்போது அது இருந்த இடம், குடித்தனக்காரர்கள் காலி செய்துபோன வீடு மாதிரி இருந்தது. உள்ளே தன் குரலே எதிரொலிக்கும் போலிருந்தது.

"அவ்வளவுதான். இனி நீங்க இங்க வர வேண்டாம்" என்றாள் பிரிஸில்லா.

ஈஞ்சக்கல் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் அவள் பிசியோதெரபிஸ்ட். பாறசாலைக்காரி. முதல் நாள் ஹரி ஸ்கேன் படத்தை ஓர் இறந்த குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு அவளிடம் வந்தான். வேறோர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் வேண்டியிருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். இந்த கிளினிக் டாக்டர் அவன் கால்களைத் தட்டிப் பார்த்தார், விரல்களை மடக்கச் சொன்னார், மரத்துப்போகிறதா என்று கேட்டார். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லி அவனை பிரிஸில்லாவிடம் அனுப்பினார். வலியே இல்லாதவர்களை வரிசையாக நிறுத்தி ஸ்கேன் எடுத்தாலும் பலருக்கு டிஸ்க் கொஞ்சம் பிதுங்கித்தான் இருக்கும், தலை நரைப்பது மாதிரி என்றாள் அவள். "உங்க முதுகு ஒடிஞ்சு போகல்ல சார். பயந்து போயிருக்கு. நீங்க படுக்கப் படுக்க அது இன்னும் பயப்படும்." அன்றிலிருந்து நடை, பிறகு குனிதல், பிறகு பாரம்.

"ஒரு மாசம் கூட வரட்டுமா?" என்றான் ஹரி.

"எதுக்கு? எல்லாரும் எப்ப விடுவீங்கன்னு கேப்பாங்க. நீங்க மட்டும் பள்ளிக்கூடம் பூட்டினதுக்கு அழுத பிள்ளை மாதிரி நிக்குதீங்க."

அவன் சிரிக்கவில்லை. "வீட்ல பாரம் எடுக்கலாமா?"

"என்ன பாரம்?"

"அம்மா."

துண்டால் கை துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "தாராளமா எடுக்கலாம். ரெண்டு பேராப் பிடிச்சா இன்னும் நல்லது. இவ்வளவு நாளும் யாரு எடுத்தது?"

"ஒய்ஃப்" என்றான்.

பைபாஸில் ஸ்கூட்டரை ஓட்டும்போது வலி போனதை அன்றே வீட்டில் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தான். ஸ்வீட் வாங்கிக்கொண்டு போகலாமா என்றுகூட யோசித்தான்.

அவன் அம்மா விஜயலக்ஷ்மிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஸ்ரீவராகத்து வீட்டில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் அவளைத் தூக்கித்தான் மாற்ற வேண்டும். வந்த ஹோம் நர்ஸ்களை அவள் நாக்கே விரட்டிவிட்டது. முதலில் ஹரிதான் தூக்கினான். ஒருநாள் பாதித் தூக்கலில் இடுப்பில் மின்னல் வெட்டியது. அம்மாவின் மேலேயே விழுந்தான். இருவரும் தரையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, எழ முடியாமல் கிடந்தார்கள். அவன் மனைவி ஸ்மிதா ஓடிவந்து முதலில் அம்மாவை எடுத்தாள். பிறகு அவனை. அன்றிலிருந்து எல்லாம் அவள்தான்.

கிளினிக்கிலிருந்து திரும்பி அவன் உள்ளே நுழைந்தபோது ஸ்மிதா அம்மாவைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவின் நல்ல கை அவள் கழுத்தைச் சுற்றியிருந்தது. ஸ்மிதாவின் நெற்றியோரத்து நரம்பு புடைத்திருந்தது. ஹரி ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு ஓர் அடி எடுத்து வைத்தான்.

"நீங்கோ தள்ளி நில்லுங்கோ. முதுகு வலியாக்கும்" என்றாள் ஸ்மிதா, மூச்சுக்கு நடுவில். மாமியார் முன்னால் 'நீங்கோ', அறைக்குள் 'நீ'. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

ஹரி தள்ளி நின்றான். அவ்வளவு சுலபமாக இருந்தது அது.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் கழக்கூட்டத்து ஆபீஸிலிருந்து வந்து காபி குடித்துவிட்டு, இடுப்பில் முதுகுவலிக்கான பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தெரபிக்குக் கிளம்பினான். பிரிஸில்லா அதைத் தூக்கி எறியச் சொல்லிப் பல நாளாகிறது. சங்குமுகத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். தலைக்கு மேலே விமானங்கள் தாழ்ந்து இறங்கும். ஒவ்வொன்றின் ஜன்னலிலும் ஒரு ஸ்மிதா தன்னைப் பார்த்துக்கொண்டே போவதாகத் தோன்றும். ஆனாலும் எழுந்து போகமாட்டான்.

ஒருநாள் அம்மாவின் டிவி ரிமோட் கட்டிலுக்கடியில் விழுந்தது. யோசிக்காமல் குனிந்து, கையை நீட்டி எடுத்துக் கொடுத்தான்.

அம்மா ரிமோட்டை வாங்காமல் அவனையே பார்த்தாள். "அடேயப்பா. நன்னா வளையறயே. என்னிக்குச் சரியாச்சு?"

"கொஞ்ச நாளாச்சும்மா."

"அவளுக்குத் தெரியுமோ?"

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. ஹரி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லாதே, கேட்டியா." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு நீ கெடந்த கெடப்பு இன்னும் கண்ணுலயே நிக்கறது. மறுபடியும் வந்தா உன் உத்தியோகம் என்ன ஆறது? எனக்கும் அவ கைதான் பழகிடுத்து. உன் கையில நான் சாலைக் கடையில எறக்கற அரிசி மூட்டையாக்கும். தொப்புன்னு போட்டுடுவே."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கோணிய வாயின் சிரிப்பு. ஹரிக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதைக் கண்டுகொண்ட கணத்தில் உடம்பு கூசியது. இதுவரை தனியாகச் செய்துகொண்டிருந்ததைச் செய்ய இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். ஒருத்திக்கு எதிராக.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெல்ட்டைக் காணவில்லை. அலமாரியில் தேடினான், கொடியில் தேடினான். அறைக்கதவைத் தள்ளியபோது ஸ்மிதா கண்ணாடி முன் நின்றிருந்தாள். நைட்டிக்கு மேலே அவன் பெல்ட்.

"உன் பெல்ட் எனக்கு ஒண்ணரைச் சுத்து வரது, ஹரி" என்று சிரித்தாள். "யுத்தத்துக்குப் போறவ மாதிரி இல்லை?"

"எப்பலேர்ந்து வலிக்கறது?"

"சாரமில்லை, பெரிசா ஒண்ணுமில்லை. காத்தாலே எழுந்துக்கறப்பதான். இப்போ ரெண்டு நாளா தொடை வரைக்கும் இழுக்கறது."

"எங்கிட்டே சொல்லவே இல்லையே."

"உனக்கே வலி. அதுக்கு மேலே என்னோடதும் எதுக்கு? ரெண்டு பேரும் படுத்துண்டா அம்மாவை யார் தூக்கறது, அடுத்தாத்து சீதாலக்ஷ்மி மாமியா?"

ஹரி கட்டிலில் உட்கார்ந்தான். தெரிந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தான். பெல்ட்டையே நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. படுத்தே கிடக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். வலித்தால் ஏதோ ஒடிந்துவிட்டதென்று அர்த்தமில்லை. கால் மரத்தால், பலம் குறைந்தால், மூத்திரம் போவதில் மாற்றம் இருந்தால் மட்டும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். உனக்கு அப்படி ஏதாவது உண்டா? இல்லையே? தூக்கும்போது பாரத்தை உடம்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். கூடியவரை தனியாகத் தூக்கக் கூடாது.

கடைசி வாக்கியத்தில் அவன் குரல் தானாகவே இறங்கிவிட்டது. சொன்னது எல்லாம் உண்மை. சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று.

ஸ்மிதா நல்ல மாணவி போலத் தலையசைத்துக் கேட்டாள். பிறகு அவன் தலைமுடியைக் கலைத்து, "இவ்வளவும் மனசிலாக்கி வெச்சிண்டு உனக்கு மட்டும் ஏன் இன்னும் சரியாகலை, பாவம்?" என்றாள்.

அவள் கண்களில் சந்தேகத்தைத் தேடினான். இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஸ்மிதா! நாற்காலி!" அடுத்த அறையிலிருந்து அம்மாவின் குரல்.

"இதோ வரேம்மா!"

"நான் வந்து பிடிக்கறேன்" என்று எழுந்தான் ஹரி.

"வேண்டாம். உன்னால ஆகாது." அவள் பெல்ட்டை அவிழ்த்து அவன் மடியில் வைத்தாள். அவள் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது. கதவுவரை போனவள் இடுப்பில் ஒரு கையை ஊன்றித் திரும்பினாள்.

"கட்டிண்டு கிளம்பு. இல்லைன்னா ஒரு பத்து நிமிஷம் நில்லேன், அம்மாவை உட்கார வெச்சுட்டு வந்துடறேன். சீதாலக்ஷ்மி மாமிகிட்டே சொல்லி வெச்சிருக்கேன், நாம வர வரைக்கும் அம்மாவோட இருக்கேன்னு சொன்னா. இன்னிக்கு என்னையும் அந்த பிரிஸில்லா கிட்டே கூட்டிண்டு போறியா, ஹரி?"