பகலில் போகாதவள்

பிரசவ வார்டில் கத்துகிறவர்களை எனக்குப் பிடிக்கும். எங்கே வலிக்கிறது என்று ஊருக்கே சொல்லிவிடுவார்கள். வாயைத் திறக்காதவர்களிடம்தான் என் பொறுமை போய்விடும். சிவந்தி அந்த ரகம்.

எர்ணாவூர் குடிசைப் பகுதியிலிருந்து விடியும்போதே மாமியார் கன்னியம்மாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். தலைச்சன் பிரசவம். மீன் கூடை சுமக்கிற உடம்பு, வலியும் நன்றாக வந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் குழந்தையின் தலை மட்டும் இறங்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் பாரு டோரதி. இறங்கலேன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அனுப்பினால் ஆபரேஷன்தான். சிவந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வயித்த கிழிச்சா கூடை தூக்க முடியாதுக்கா. எங்க வூட்டுக்காரு லாரில கால் மாட்டி வூட்ல குந்திகினு கீறாரு. நான் தூக்கலேன்னா சோறு இல்ல."

அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே தனியாக ஒரு மேடு, நிரம்பிக் கிடக்கிற மூத்திரப்பை. காலையிலிருந்து கேட்கும்போதெல்லாம் "போய்ட்டேன்கா" என்றே சொல்லியிருந்தாள்.

"உண்மையச் சொல்லு. ஒண்ணுக்கு எப்போ போனே?"

"விடியறதுக்கு மின்ன."

"அப்புறம்?"

"இருட்டட்டும்கா, போய்க்கிறேன்."

கன்னியம்மா பெருமையாகவே விளக்கினாள். "எங்க கக்கூஸ் ரோட்டாண்ட கீது நர்சம்மா. கதவு கெடையாது. லாரிக்காரனுங்க நின்னுகினே இருப்பானுங்க. பொம்பளைங்க இருட்டுலதான் போவோம். இவ கெட்டிக்காரி, எவ்ளோ நேரம்னாலும் தாங்குவா."

"தாங்கித் தாங்கித்தான் புள்ள வர்ற வழிய அடைச்சு வெச்சிருக்கா" என்றேன். கோபம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை.

டியூப் வைத்து மூத்திரத்தை எடுத்துவிடலாம். ஆனாலும் நடக்க முடிகிறவளை நடத்திப் பார்ப்பதுதான் என் வழக்கம். கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். எங்கள் கக்கூஸ் கதவிலும் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. அதைப் பார்த்ததும் திரும்பிவிட்டாள். அவளை உள்ளே விட்டு, நான் வெளியே கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். கன்னியம்மா வராந்தாவில் முந்தானையை விரித்து மறைத்தாள். உள்ளே சத்தமே இல்லை.

"வரமாட்டேங்குதுக்கா."

குழாயைத் திறந்துவிட்டால் அந்தச் சத்தத்துக்கு வந்துவிடும். அந்தக் கோடையில் குழாயில் காற்றுதான் வந்தது. லாரித் தண்ணீர் பிடித்த பக்கெட்டை இழுத்து வைத்து, சொம்பில் மொண்டு அதிலேயே ஊற்றினேன். மறுபடி மொண்டேன், மறுபடி ஊற்றினேன். கை கடுத்தது. ஒருவழியாக வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"செங்குன்றம் ஏரி வத்திப்போச்சுன்னாங்க. தோ, இங்க கீது" என்றாள் கன்னியம்மா. உள்ளேயிருந்து சிவந்தியும் சிரித்தாள். அன்று முதல் தடவையாக அவள் சத்தம் வெளியே கேட்டது.

கட்டிலுக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் தலை இறங்கியது. வெயில் தாழ்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. கத்தியும் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரியும் வேண்டாம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

துடைத்து அம்மாவின் மார்பில் போட்டேன். போட்டதுதான் தாமதம், குழந்தை சுகமாக மூத்திரம் பெய்தது. டாக்டரம்மா, ஆயா, நான் எல்லோரும் சிரித்தோம்.

சிவந்தி சிரிக்கவில்லை. குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"இத்த எத்தினி வயசுலக்கா அடக்கப் பழக்கணும்? எங்கம்மா என்னை அஞ்சு வயசுல பழக்குச்சி."

பழக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் பகலில் இது எங்கே போகும் என்று கேட்பாளே.