லிப்டுக்கும் பம்புக்கும் ஒரே கரண்ட்

பிரசவத்துக்கு வந்த ரம்யா படுத்திருந்த ஸ்ட்ரெச்சரோடு லிப்ட் தரைக்கும் மாடிக்கும் நடுவில் நின்றதைக் கிளமென்ட் வெளியிலிருந்து பார்த்தான். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தியேட்டர் இருப்பது மாடியில். அந்த மலை ஆஸ்பத்திரி லிப்டுக்கு மோட்டாரையும், மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் டிரைவ் பெட்டியையும் தேர்ந்தெடுத்தவன் அவன்தான். லிப்டுக்குள் நர்ஸாக நின்றவள் அவன் பெண்டாட்டி ஆன்மேரி.

மேலே மோட்டார் அறைக்கு ஓடினான். வோல்டேஜ் போதவில்லை என்று டிரைவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அட பாவி! நிலத்துக்கு மும்முனைக் கரண்ட் வந்தால் சுற்றுவட்டாரப் பம்பெல்லாம் தானாக ஓடத் தொடங்கி, லிப்ட் லைனிலும் வோல்டேஜை இறக்கிவிடும். அந்தப் பம்புகளில் பாதிக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியதே இவன்தான். அப்படிப்பட்ட மகராசன், பம்பு ஓடாத காலை வேளையில் வந்து அளந்துவிட்டு, இந்த டிரைவே போதும் என்று பூட்டினால் அவனை என்னவென்று சொல்வது? குறைந்த வோல்டேஜைத் தாங்கும் டிரைவும் கடையில் இருந்தது. கரண்ட் போனால் மாடிக்குக் கொண்டு சேர்க்கும் பேட்டரியும் இருந்தது. இரண்டையும் வேண்டாம் என்றுவிட்டான்.

லிப்டின் மெயினை அணைத்து, பிரேக்கை விடுவிக்கும் லீவரைப் பிடித்து இழுத்தான். கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர்ப்பக்க எடை கனமாக இருந்தால் கூண்டு தானாக மேலே ஏறும். ஏறவில்லை. மறுபடி இழுத்தான். ம்ஹூம். பிறகுதான் உறைத்தது. நெல்லிவாசல்நாட்டு ஜனம் நோயாளியை ஒண்டியாக விடாது. ரம்யாவின் அம்மா கெங்கம்மாள், அப்பா வேடியப்பன், உறவுக்காரர் மூவர் என்று எல்லோரும் கூடவே ஏறியிருந்தார்கள். கூண்டும் எடையும் சரிக்குச் சரியாகிவிட்டன. அவர்கள் வெளியே வந்தால்தான் லிப்ட் நகரும்.

மாடிக்கு இறங்கிச் சாவி போட்டுக் கதவைத் திறந்தான். கூண்டின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. ரம்யா முனகிக்கொண்டிருந்தாள். வேடியப்பனையும் உறவுக்காரர் மூவரையும் கைகொடுத்துத் தூக்கினான். பாதி உடம்பு வெளியே வந்திருக்கும்போது பிரேக் வழுக்கினால் என்ன ஆகும் என்று நினைத்து ஒவ்வொருவரையும் ஒரே இழுப்பில் வெளியே வாங்கினான். கெங்கம்மாள் மட்டும் மகளின் கையை விடவில்லை.

"அவள வுட்டுட்டு நான் வரமாட்டேன். போனா ரெண்டு பேரும் போறோம்."

"தப்பு என்னுதும்மா. நீங்க வெளிய வந்தாதான் இது மேல போவும். என் பொண்டாட்டியும் உள்ளதான் கீறா."

கெங்கம்மாள் ஆன்மேரியை ஏற இறங்கப் பார்த்தாள். ஆன்மேரியின் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. ஆனாலும் ரம்யாவின் கையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். கெங்கம்மாள் மேலே ஏறினாள்.

மறுபடி மோட்டார் அறை, மறுபடி லீவர். அதிகம் இழுத்தால் கூண்டு பாய்ந்துவிடும். மாதாவே, மாதாவே என்று முணுமுணுத்துக்கொண்டே இழுத்தான், விட்டான், இழுத்தான். கயிறு நகர்ந்தது. கயிற்றில் மாடிக்கான பெயின்ட் குறி நேருக்கு வந்ததும் லீவரை விட்டு மாடிக்கு இறங்கி ஓடினான். ஸ்ட்ரெச்சர் தியேட்டருக்குள் போய்க்கொண்டிருந்தது.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே என்ன நடக்கிறதோ என்று சுவரோடு சாய்ந்து நின்றான். எவ்வளவு நேரம் அப்படி நின்றானோ, பச்சைப்பிள்ளை வீறிட்டது. தாயும் பிழைத்தாள் என்று ஆன்மேரி வந்து சொன்னபோது மலைமாடுபோல் இருந்தவன் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

கெங்கம்மாள் அவன் எதிரே வந்து நின்றாள்.

"தம்பி, எம் பொண்ண இன்னாத்துல கீழ எறக்குவ?"

கிளமென்ட் லிப்டைப் பார்த்தான், படியைப் பார்த்தான்.

"என் தோள்லம்மா."