மாமா களையெடுத்த கடல்

நான் கடலைப் பாத்ததே இல்ல. மாத்தளைப் பக்கத்து மலைநாட்டுப் பல்லேபொலயில இருந்துகிட்டு அதை எங்க பாக்குறது? ஆனா தரம் எட்டுக்குக் கடலைப் பத்தி வாய் கிழியப் பேசுவேன். நான் விஜிதா டீச்சர், விஞ்ஞானம். என் வகுப்புல ஒரு புள்ளயும் கடலைப் பாத்ததில்ல. அதனாலதான், விஞ்ஞானக் கண்காட்சியில முதல் பரிசு வகுப்போட கற்பிட்டிக் கடற்கரைக்குச் சுற்றுலான்னு கேட்டதும் எனக்குப் பைத்தியமே புடிச்சிருச்சு.

எங்க தலைப்பு, 'கடற்புல் வெளியில் மீன் கூட்டம் காலப்போக்கில் மாறும் விதம்'. வீட்டுல ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியில மண்ணைப் போட்டு, கடற்புல்லுக்குப் பதிலா வாய்க்கால் ஓரத்துப் புல்லை அடர்த்தியா நட்டேன். கடல்ல குட்டி மீனுங்க புல்லுக்குள்ள ஒளிஞ்சு வளரும், வளந்ததும் ஆழத்துக்குப் போயிரும், அந்த எடத்துக்கு வேற குட்டிங்க வரும். அதைக் காட்டத்தான் வாய்க்கால்ல புடிச்ச பொடி மீனை விட்டேன். வேட்டைக்கு வர்ற பெரிய மீனா, விரால்னு சொல்ற லூலா ஒண்ணையும் விட்டேன். அது வாயைப் பொளந்துகிட்டுச் சுத்துச்சே தவிர, புல்லுக்குள்ள ஒண்ணும் சிக்கல.

கண்காட்சிக்கு மொத நாள், சார்ட் அடிக்க மாத்தளைக்குப் போயிட்டுப் பொழுது சாயத்தான் வந்தேன். வந்தா மாமா, என் புருசனோட அப்பா மாரிமுத்து, முழங்கை வரைக்கும் வயல் சேறோட சிரிச்சுகிட்டு நிக்கிறாரு. மனுசன் வயல் செய்றவரு. தண்ணியில புல்லைக் கண்டா கை சும்மா இருக்காது.

"என்னம்மா விஜி, மீன் தொட்டியில இம்புட்டுக் களை! காலையிலயே வேரோட புடுங்கிட்டேன். இப்ப பாரு, பளிச்சுன்னு!"

பளிச்சுன்னுதான் இருந்துச்சு. பொடி மீனு ஒண்ணைக்கூடக் காணோம். லூலா வயிறு மட்டும் பொம்முன்னு இருந்துச்சு.

"ஐயோ மாமா, அது களை இல்ல! அதான் பாடமே!"

"புல்லுல என்னம்மா பாடம்?"

சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! வாயில வந்ததையெல்லாம் முழுங்கிகிட்டேன். புதுசா நடலாம்னா இருட்டிருச்சு, மழையும் புடிச்சுகிச்சு.

மறுநாள் அப்படியே தொட்டியை த்ரீவீல்ல ஏத்துனோம். புடிச்சுக்க மாமாவும் வந்தாரு. வழி நெடுக நான் அவரு மொகத்தையே பாக்கல.

நடுவரா வந்தவங்க சாம்பவி மேடம். யாழ்ப்பாணத்துக்காரங்க, கடலோரத்துலயே வளந்தவங்க. சார்ட்டைப் பாத்துட்டுத் தொட்டியைப் பாத்தாங்க.

"என்ன ரீச்சர், கடற்புல் எண்டு எழுதியிருக்கு. புல்லெங்க? மீன் கூட்டமெங்க?"

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. புள்ளைங்க எல்லாம் என் வாயையே பாக்குதுங்க. பொய் சொல்ல வரல. "மாமா களைன்னு நெனச்சுப் புடுங்கிட்டாரு மேடம். ஒளிய எடமில்லாமப் போச்சு, எல்லாத்தையும் லூலா தின்னுருச்சு."

மேடம் மாமா பக்கம் திரும்பினாங்க. "ஐயா, இப்ப என்ன சொல்லுறியள்?"

மாமா குனிஞ்சு, தனியாச் சுத்துற லூலாவையே பாத்தாரு. குரல் எறங்கிப் போச்சு. "தப்புத்தாங்க. வயல்ல நெல்லுக்குப் புல்லு எதிரி. இங்க புல்லுதாங்க நெல்லு. நான் வெளைச்சலையே புடுங்கிப் போட்டுட்டேன்."

மேடம் சார்ட்டைத் தட்டிக் காட்டினாங்க. "புல்லை அழிச்சாக் கடலுக்கடியில நடக்கிறதும் உதுதான். உந்த வசனத்தைச் சார்ட்டில எழுதுங்கோ ரீச்சர்"ன்னாங்க.

ராவும் பகலும் நாக்குத் தள்ள நான் செஞ்சதுக்கு இல்லைங்க, அந்த மனுசன் செஞ்ச நாசத்துக்குத்தான் முதல் பரிசு! புள்ளைங்க மாமாவைத் தூக்கி வச்சுகிட்டு ஆடுதுங்க. என்னை ஒரு ஜீவன் திரும்பிப் பாக்கணுமே! வயிறு எரிஞ்சுச்சு. ஆனாலும் கடலுக்குப் போறோமேங்கிற சந்தோசத்துல நானும் கையைத் தட்டிகிட்டுதான் நின்னேன்.