சுப்புலக்ஷ்மியின் ஒற்றை வாக்கியம்

மயிலாப்பூர் அனந்தராமன் தம் வாழ்க்கையை நாவலாக எழுதத் தொடங்கிய பின், அதில் இடம்பெற்ற உண்மை மனிதர்கள், அவர் தங்களுக்கு எழுதிய வசனங்களைத் தவிர வேறெதுவும் பேச இயலாதவர்கள் ஆனார்கள். பதினாறு ஆண்டுகளில் ஆறு பாகங்கள் வந்தன. தேனாம்பேட்டை அலுவலக நண்பர் புகழேந்தி, தமக்கு வாய்த்த பதினோரு வாக்கியங்களைக் கொண்டே பதவி உயர்வு பெற்று, மகளுக்கு மணமும் முடித்தார். இத்தகையோரின் பிள்ளைகள் வந்து, அடுத்த பாகம் எப்போது என்று, மின்தடை நேரத்தைக் கேட்பதுபோல் கேட்டுப் போனார்கள். நாவலின் தலைவனுக்கு மட்டும் ஆறு பாகங்களிலும் ஒரு வசனமும் இல்லை. ஆகவே அனந்தராமன் விரும்பியபடி பேசித் திரிந்தார்.

அடையாற்றிலிருந்த தங்கை சுப்புலக்ஷ்மிக்கு மூன்றாம் பாகத்தில் கிடைத்தது ஒரே வாக்கியம்: "அம்மாவை ஹோம்ல விட்டுடலாம், அண்ணா." பால்காரரிடமும் பேத்தியின் தொட்டிலருகிலும் அவள் அதையே சொன்னாள். பெற்றவளைக் கைவிட்டவள் என்று ஊர் பேசிற்று. உண்மையில் அம்மாவை விட்டுவிடலாம் என்றவர் அனந்தராமன். "வேண்டாண்ணா, எங்காத்துக்கு அழைச்சுண்டு போறேன்" என்று அழுதவள் அவள். காப்பியத் தலைவன் தன்னிகரற்றவனாக இருத்தல் வேண்டும் என்னும் பழைய விதியில் ஊறியவராதலின், அச்சொல்லைத் தலைவன் வாயில் வைக்க அவருக்குக் கை வரவில்லை. பின்வந்த பாகங்களில் அவளை எழுதவே அஞ்சினார். கபாலி சந்நிதியில் அவள் கைகூப்பி அதையே சொல்லக் கேட்டபோது, தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

ஏழாம் பாகத்தோடு தொடர் முடிவதாக இருந்தது. அதன்பின் எவருக்கும் புதிய சொல் கிடையாது. இறுதி அத்தியாயம் எஞ்சியிருக்கையில் சுப்புலக்ஷ்மி வந்து எதிரே அமர்ந்து, அந்த வாக்கியத்தைக் கெஞ்சும் குரலில் மும்முறை சொல்லிவிட்டுப் போனாள். அனந்தராமன் தலை நிமிரவில்லை. மறுநாள், தலைவன் தங்கையின் முன் நின்று "நான்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்வதாக எழுதினார். அவளுக்கு வசனம் எழுதும் உரிமை தமக்கு இனி இல்லை என்று உணர்ந்து, 'அவள் பேசினாள்' என்று மட்டும் குறித்து, கீழே ஒரு முழுப் பக்கத்தை வெற்றாக விட்டார்.

மார்கழியில் நூல் வெளிவந்தது. மறுநாள் காலை தொலைபேசியில் தங்கை அழைத்தாள்.

"பதினோரு வருஷம், அண்ணா! எங்காத்துக்காரர் போனப்போ, சொல்லி அழக்கூட நேக்கு அந்த ஒரு வரிதானே இருந்துது?"

"நான்தான் சொன்னேன்."

"தெரியும். ஊருக்கும் தெரியட்டும்" என்றவள், நண்பகல் வரை நிறுத்தாமல் பேசினாள். அவர் வைக்காமல் கேட்டார்.

அன்றுமுதல் அவருக்கு வேறு சொல் இல்லை. ஐம்பது ஆண்டுகள் ஓதிய பதிகங்களும் நாவை விட்டு நீங்கின. மாட வீதியில் காய் விற்கும் வேலம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இன்னா சாமி வோணும்?"

"நான்தான் சொன்னேன்."

"ஆமா, நீதான் சொன்ன, யாரு இல்லேன்னா? அவரைக்கா பிஞ்சா கீது, அரை கிலோ போடவா?"

அனந்தராமன் பையை விரித்துப் பிடித்தார்.