மைர் எவன்ஸுக்கு வந்த எட்டுப் பானை காவ்ல்

1.

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய்யைச் சொன்னவன் நான். கதை எழுதுகிறவனுக்குப் பொய் சொல்ல என்ன வெட்கம் என்று நீங்கள் கேட்கலாம். கதையில் சொல்லியிருந்தால் வெட்கமில்லை. சட்டமன்றத்தில் சொல்லிவிட்டேன். அதுவும் என் வாயால் அல்ல, மெலேரி ஹாப்கினின் வாயால்.

மெலேரி எங்கள் கும் டிரைனோக் பள்ளத்தாக்கின் செனெத் உறுப்பினர். செனெத் என்பது கார்டிஃபில் கூடும் வேல்ஸ் சட்டமன்றம். நான் அவருடைய அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகக் கடிதம் எழுதுகிறவன். ஏறிப்போன மின்கட்டணம், ஒழுகும் கூரை, பல்லைப் பிடுங்க இரண்டு வருடக் காத்திருப்பு, எதுவானாலும் 'தங்கள் கவலையைப் புரிந்துகொள்கிறோம்' என்று தொடங்குவேன். இங்கே குடும்பப் பெயர்களை இரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம் என்பதால், ஆளைப் பிரித்துச் சொல்லத் தொழிலை ஒட்டிவிடுவார்கள். வந்த மூன்றாம் மாதமே நான் 'கடுதாசி' ஆனேன். என் சொந்தப் பெயர் இப்போது என் மனைவிக்கும் வரி அலுவலகத்துக்கும் மட்டுமே தெரியும்.

மிச்ச நேரத்தில் தமிழில் கதை எழுதுகிறேன். அச்சில் வந்தவை ஐந்து. திரும்பி வந்தவை எத்தனை என்று கேட்காதீர்கள்.

[முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்தது." அடித்துவிட்டேன். வேல்ஸில் மழை பெய்தது என்று எழுதுவது, மீன் நனைந்திருந்தது என்று எழுதுவது மாதிரி.]

2.

[இரண்டாம் தொடக்கம்: "கெத்தின் பியூ கண்களில் தீப்பொறி பறக்க உள்ளே நுழைந்தார்." இதுவும் ஆகாது. அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருப்பார்.]

மாதத்தின் முதல் சனிக்கிழமை, தேவாலயத்தை ஒட்டிய சேப்பல் ஹாலில் மெலேரி குறை கேட்பார். பள்ளிக்கூடக் காவலராக இருந்து ஓய்வு பெற்ற கெத்தின் இரண்டு வருடமாக ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. குறையும் மாறியதில்லை. மலைமேல் இருக்கும் மேல்தெருவுக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அவர் மனைவி டெலித்துக்கு வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ்.

"என்ன கெத்தின் அண்ணே, இந்த மாசமும் அதேதானா?" என்பேன், குறிப்பேட்டைத் திறந்தபடி.

"பஸ் வந்துச்சா?"

"வரல."

"அப்ப அதேதான்."

உங்கள் பெயரைச் சொல்லிச் சபையில் பேசட்டுமா என்று மெலேரி ஒருமுறை கேட்டார். கெத்தின் பதறிப்போனார்.

"ஐயோ, வேண்டாம்மா. டெலித் என்னைக் கொன்னுபோடுவா. நாங்க பஸ் கேட்டுத்தான் வந்தோம். பாவம் பாருங்கன்னு கேட்டு வரல."

3.

விலைவாசி பற்றியும் மூடப்படும் பொதுச் சேவைகள் பற்றியும் பேச மெலேரிக்கு இரண்டு நிமிடம் கிடைத்தது.

"கடுதாசி, போன தடவை மாதிரி சதவீதமா அடுக்காதே. படிக்கிறப்ப எனக்கே தூக்கம் வந்துச்சு. ஒரு ஆளைக் கொண்டா."

ஆள் இருந்தார், பெயர் சொல்லக்கூடாது. அதனால் ஒருத்தியைப் பெற்றெடுத்தேன். மைர் எவன்ஸ் என்று பெயர் வைத்தேன். இந்த ஊரில் அது எல்லோருடைய பெயரும் ஆயிற்றே, ஆகவே யாருடையதும் இல்லை என்று கணக்குப் போட்டேன். பதினெட்டு வருடம் இங்கே குப்பை கொட்டியவன் போடுகிற கணக்கா அது!

அவளை விதவையாக்கினேன். ஹீட்டரா, இரவுச் சாப்பாடா என்று தினமும் திண்டாடவைத்தேன். செத்த கணவனின் கோட்டைப் போர்த்திவிட்டேன். மடியில் ஒரு பூனையையும்* போட்டேன். பஸ் இல்லாமல் மலையடியில் அவளை நிற்கவைத்த இடத்தில் நானே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

* பூனை தேவையே இல்லை. என் ஐந்து கதைகளிலும் பூனை உண்டு.

"யாரு இந்தம்மா?" என்றார் மெலேரி, மூக்கை உறிஞ்சியபடி.

"நம்ம தொகுதிதான். பேரை மட்டும் மாத்தியிருக்கேன்."

இதுதான் அந்தப் பொய். சபை உருகிவிட்டது. போக்குவரத்து அமைச்சர் எழுந்து, "அந்த அம்மையாரை நானே நேரில் பார்க்கிறேன், பஸ்ஸுக்கும் வழி செய்வோம்" என்று அறிவித்தார். என் எழுத்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாக நல்ல விமர்சனம் கிடைத்தது. அன்று மாலை வீட்டில் என் காலே தரையில் பாவவில்லை.

4.

எங்கள் பள்ளத்தாக்கில் மைர் எவன்ஸ்கள் நான்கு பேர். சேப்பலில் ஆர்கன் வாசிக்கும் ஆர்கன் மைர், தையல் மைர், சின்ன மைர், சிப்ஸ் மைர். ஒட்டுப்பெயர் சொல்லாமல் மெலேரி பேசியதால் இது எந்த மைர் என்று ஊருக்குத் தெரியவில்லை. இங்கே ஒரு வீட்டில் கஷ்டம் என்றால் ஆட்டுக்கறியும் கிழங்கும் போட்டுக் காய்ச்சிய காவ்ல் என்கிற சூப்பைப் பானையோடு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று நான்கு வாசலிலும் வைத்தார்கள்.

மறுநாள் சிப்ஸ் மைர் அலுவலகக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் இரண்டு பானை. எட்டு வந்ததில் இது சாட்சிக்கு.

"யாருடா எனக்குப் பூனை வாங்கிக் குடுத்தது?"

நான் மேசைக்கு அடியில் எதையோ தேடினேன்.

"பூனை முடி பட்டாலே எனக்கு மூச்சு முட்டும். முப்பது வருஷம் சிப்ஸ் கடை வெச்சு இந்த ஊருக்கே பொரிச்சுப் போட்டவ நான். என் வாசல்ல பானையை வெச்சுட்டுக் கண்ணைத் துடைச்சுட்டுப் போறாளுக! துக்கம் கேக்க வந்தவங்களுக்கு என் புருஷனே போய்க் கதவைத் திறந்தான்டா!"

"மன்னிச்சிருங்க அக்கா..."

"பானையைக் காலியாத் திருப்பக் கூடாது. எட்டுப் பானைக்கும் கேக் சுடணும். அடுப்புக் கரண்டுக்கு உங்க மந்திரியா காசு குடுப்பாரு?"

உள்ளறைக் கதவில் மெலேரி நின்றிருந்தார்.

"கடுதாசி. அந்தம்மா யாரு?"

"யாரும் இல்ல."

அவர் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் மந்திரி வர்றாரு. சபையில நான் பொய் சொல்லியிருக்கேன். சொன்னதை மறைச்சா இன்னும் பத்துப் பொய். ஒத்துக்கிட்டா பஸ் போச்சு. கெத்தின் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

சிப்ஸ் மைருக்கு இரக்கம் வந்துவிட்டது. "நான் வேணா அவளா வந்து உக்காரவா? ஆனா பூனையை எடுத்துரு. புருஷனை உயிரோட விட்டுரு. கோட்டு வேண்டாம், என்கிட்ட நல்ல கோட்டு இருக்கு."

"அப்புறம் என்னக்கா மிச்சம் இருக்கும்?"

"நான் இருப்பேன்டா!"

எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என் கதாபாத்திரத்தை இவ்வளவு சரியாகத் திருத்தியதில்லை.

5.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே நான் முடிவுகள் எழுதத் தொடங்கிவிட்டேன். புத்தி எங்கே போகும்.

முடிவு அ: மைர் எவன்ஸ் யார் என்று அமைச்சர் கேட்க, நான்கு மைர்களும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நிற்கிறார்கள். [சினிமா வாடை. தவிர, ஆர்கன் மைரும் தையல் மைரும் ஏழு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.]

முடிவு ஆ: மெலேரி பதவி விலகி, தலை குனிந்து, மலைப்பாதையில் [அவருக்கு மூட்டுவலி]

முடிவு இ: எழுத்தாளன் எழுந்து உண்மையை ஒப்புக்கொள்கிறான். ஹால் முழுக்கக் கைதட்டல். [இதை நான்குமுறை செப்பனிட்டேன். நாலாவது படியில் எனக்குத் தலைமுடிகூட அடர்த்தியாக இருந்தது.]

6.

நடந்தது இது. சேப்பல் ஹாலில் அமைச்சர் உட்கார்ந்ததும் மெலேரி எழுந்தார்.

"நான் சபையில சொன்ன மைர் எவன்ஸ்னு ஒருத்தர் இல்லை. விசாரிக்காமப் பேசிட்டேன். தப்பு என்னுது. சபையிலயும் இதைச் சொல்லுவேன்."

என் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. முடிவு இ என் சட்டைப்பையில்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

அமைச்சர் கையிலிருந்த ஃபைலை மூடினார். கோட்டை எடுத்தார். அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தார். கெத்தின் அவர் கையைப் பிடித்து இழுப்பதைப் பார்த்துத்தான் அது டெலித் என்று தெரிந்தது. இரண்டு வருடத்தில் நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"உக்காருங்க ஐயா. பஸ் கேட்டது நான்."

அமைச்சர் கோட்டோடு உட்கார்ந்தார்.

"காலையில போறது இறக்கம், எப்படியோ போயிருவேன். வர்றதுதான். மிஷின்ல இருந்து எழுந்தா காலு என்னுது இல்ல. ஆஸ்பத்திரியில இருந்து வர்ற பஸ் அடிவாரத்துல இறக்கிவிட்டுரும். அங்க தபாலாபீஸ் சுவத்துல உக்காருவேன். அப்புறம் பல்டாக்டர் வீட்டுச் சுவரு. அப்புறம் சிப்ஸ் கடைச் சுவரு. மூணுலயும் உக்காந்து எந்திரிச்சாத்தான் வீடு. மூணும் இப்பப் பூட்டித்தான் கெடக்கு. அதனால யாரும் என்னைப் பார்க்கிறதில்லை, அது ஒரு சௌகரியம். சுவரு நனைஞ்சிருக்கும்னு ஒரு பிளாஸ்டிக் பை வெச்சிருக்கேன்."

பையை எடுத்துக் காட்டினார். நான்காக மடித்திருந்தது.

"என் கடைச் சுவத்துலயா?" சிப்ஸ் மைர் கத்தினார். "கரண்டு பில்லு தாங்காமக் கடையைத்தான்டி மூடினேன். மாடியில நான் இருக்கேன்ல? கதவைத் தட்டக் கூடாதா?"

"உன்கிட்டச் சொன்னா ஊருக்கே தெரியும்."

ஹால் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இல்லாத ஒருத்திக்குப் பூனையும் கோட்டும் தேடிக் கொடுத்தவன், இருக்கிற ஒருத்தி எப்படி மலையேறுகிறாள் என்று இருபத்துநான்கு சனிக்கிழமைகளில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கெத்தின் சொல்லியிருப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"எத்தனை மணிக்கு வேணும்?" என்றார் அமைச்சர்.

"ஒண்ணரைக்கு. திங்கள், புதன், வெள்ளி."

எழுதிக்கொண்டார். "வர்ற திங்கள்ல இருந்து மூணு மாசம் ஓட்டிப் பார்க்கச் சொல்றேன்."

7.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கதைக்கு முடிவு இல்லாமல் மேல்தெருவுக்கு ஏறினேன். வழியில் மூன்று சுவர்களிலும் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல கால்களை வைத்துக்கொண்டே எனக்கு மூச்சு வாங்கியது.

டெலித் தேநீர் கொடுத்தார். கதை எழுதுவதைச் சொல்லி, பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"மாத்தாதே. இன்னொரு நாலு வீட்டுக்குப் பானை போகும்."

"பஸ் வந்துச்சுன்னு முடிச்சிரட்டுமா அக்கா? படிக்கிறவங்களுக்கு நல்லா இருக்கும்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வந்தா எழுது. வராம வந்துச்சுன்னு எழுதிராதே, கடுதாசி. நான் சுவத்துல உக்காந்திருக்கிறப்ப எவனாவது அதைப் படிச்சுட்டு வந்து, உனக்குத்தான் பஸ் விட்டாச்சேம்பான்."

கிளம்பும்போது அவரே ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் திணித்தார், நாளைக்கு வருவதானால் எடுத்துக்கொள் என்று.

நாளை ஒன்றரைக்கு அடிவாரத்தில் அவர்களோடு இருப்பேன். மிச்சத்தை வெற்றிடமாக விடுகிறேன். இதை நீங்கள் படிக்கும்போது பஸ் வந்திருக்கும், அல்லது வந்திருக்காது. தெரியாமல் நிரப்பிவிடாதீர்கள், நிரப்பியவன் பட்ட பாட்டைத்தான் இவ்வளவு நேரம் படித்தீர்கள். நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் முன்கூட்டியே எழுதிவைக்கிறேன். முதல் பக்கத்தில் அடித்த வாக்கியம்தான்.

மழை பெய்துகொண்டிருந்தது. டெலித் பியூ தபாலாபீஸ் சுவரில் பையை விரித்தார். மணி ஒன்றரை. சாலை வளைவில்